அரை நிமிடம் பின்னால்

எங்கள் பள்ளியில் ஏதாவது ஒரு திரை நின்றுவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நெட் இல்லை." ப்ளக் கழன்றிருந்தாலும் நெட் இல்லை, எலி கேபிளைக் கடித்திருந்தாலும் நெட் இல்லை. கம்ப்யூட்டர் மிஸ் என்றால் மைசூரின் மொத்த இன்டர்நெட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வருபவள் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நிற்கும். எத்தனையோ முறை விளக்கியாயிற்று. கார்ப்பரேஷன் தண்ணீர் வராத நாளிலும் உங்கள் வீட்டுச் சம்ப்பில் இருக்கும் தண்ணீர் குழாயில் வருகிறதா இல்லையா? இதுவும் அப்படித்தான். ஹாலில் ஒரு கேமரா, ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர், அங்கிருந்து வகுப்பறைகளுக்குப் போகும் கேபிள், எல்லாம் நம் காம்பவுண்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஊரில் உள்ள நெட்டெல்லாம் படுத்துவிட்டாலும் நம் காலைப் பிரார்த்தனை நம் வகுப்புகளுக்குப் போய்ச்சேரும். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். மறுநாள் காலை வந்து, "மிஸ், நெட் இல்லை" என்பார்கள்.

இந்த ஏற்பாடு வந்ததே ஹாலால்தான். அது முதல் மாடியில் இருக்கிறது. பள்ளி வளர்ந்த அளவுக்கு அது வளரவில்லை. ஆண்டு விழா என்றால் பெற்றோர்கள் உட்காரவே இடம் போதாது. அதனால் மேடையில் வேலையில்லாத பிள்ளைகள் அவரவர் வகுப்பில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள். முதல் வருடம் என் மானம் போயிற்று. வரவேற்புரையின் நடுவில் எங்கள் பிரின்சிபால் வாயைத் திறந்தபடி எல்லாத் திரையிலும் உறைந்து நின்றுவிட்டார். ஆறாம் வகுப்பு முழுவதும் அதே மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். நல்லவேளை, அவர் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முந்திக்கொண்டு வர வேண்டாம், நிற்காமல் வந்தால் போதும். ஒவ்வொரு வகுப்பின் கம்ப்யூட்டரும் முதலில் அரை நிமிடத்துக்கான படத்தையும் ஒலியையும் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகுதான் காட்டத் தொடங்கும். வழியில் எங்காவது சிறிது நேரம் தடைபட்டாலும் கையிருப்பிலிருந்து காட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் விட்டுப்போனது மறுபடி வந்து சேர்ந்துவிடும். பஃபர் என்று சொல்வார்கள். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் படம் நின்றதே இல்லை. ஒரே ஒரு விலை. ஹாலில் நடப்பதைவிட வகுப்பறைகள் எப்போதும் அரை நிமிடம் பின்னால் இருக்கும்.

அதில் ஒரு கூத்து நடந்தது. கொடியேற்றும் நாளில் நல்ல மழை. சின்ன வகுப்புகளை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, பெரிய பிள்ளைகள் மட்டும் போர்ட்டிகோவில், அன்றைக்கு அங்கே இறக்கி வைத்த கேமராவுக்கு முன்னால் நின்று தேசிய கீதம் பாடினார்கள். ஜன்னல் வழியாக அது கேட்டதும் உள்ளே இருந்த பிள்ளைகள் எழுந்து விறைப்பாக நின்றார்கள். முடிந்தது, உட்கார்ந்தார்கள். பார்த்தால், திரையில் அதே கீதம் அரை நிமிடம் பிந்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய கீதமாயிற்றே, உட்கார்ந்திருக்க முடியுமா? மறுபடி எழுந்தார்கள். முதலில் நின்றது சரியா, இரண்டாவது நின்றது சரியா என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னிடம் வந்து நியாயம் கேட்டார். இரண்டும் சரி என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

எனக்கோ அந்த அரை நிமிடம் பிடித்துப்போயிற்று. ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து இறங்கி வகுப்புகளின் வராந்தாவில் நடப்பேன். ஹாலில் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். கீழே வந்தால் அந்தச் சிரிப்பு இன்னும் வந்திருக்காது. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு எட்டாம் வகுப்பில் தொடங்கும், அடுத்த அறையில் கொஞ்சம் பிந்தி, அதற்கடுத்த அறையில் இன்னும் கொஞ்சம் பிந்தி, ஒரே சிரிப்பு ஒவ்வொரு கதவாகத் தாண்டி என் கூடவே நடந்து வரும். கடைசி அறையைத் தாண்டும்போது அது எனக்குப் பின்னால் அணைந்துபோகும். அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் தாமதம் என்பதே தெரியாது. அவர்களுக்கு அதுதான் இப்போது. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவளாக நான் மட்டும் வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன். கடவுளுக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒருநாள் யோசித்துக்கொண்டே போனேன். அதற்குள் ஆபீஸிலிருந்து நெட் இல்லை என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அப்பா அம்மா இருவரும் வயல்காட்டு வேலை. அவள் பேசினால் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. வருகைப்பதிவு எடுக்கும்போது எத்தனையோ முறை அவளை வரவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். தோழிகள்தான் "மிஸ், இருக்கா மிஸ்" என்று கத்துவார்கள். ஆனால் பாடினால் வேறு ஆள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில் நின்றவளை அந்த வருடம்தான் எங்கள் மியூசிக் மிஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மழையைப் பற்றி ஒரு கன்னடப் பாட்டு, மியூசிக் மிஸ் எழுதி மெட்டமைத்தது. ஒவ்வொரு அடியையும் அவள் தனியாக எடுத்துக்கொடுக்க வேண்டும், குழு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். அவளுக்கு அதுதான் பள்ளியில் கடைசி ஆண்டு விழா. பரீட்சை முடிந்தால் அந்தக் குழுவில் ஒவ்வொருவரும் பதினொன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு பி.யு. கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுத்து வாங்கிச் சில நாட்கள்கூட ஆகவில்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு முகத்தில் கொப்புளம். சின்னம்மை. மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று அவளை மைதானத்தின் அந்தக் கோடியில், ஹாஸ்டலை ஒட்டியிருந்த தனி அறையில் படுக்க வைத்தார்கள். பஸ்ஸில் ஊருக்கு அனுப்பவும் முடியாது. அவள் அம்மாதான் கொள்ளேகால் வந்து, பஸ் மாறி, ஒரு துணிப்பை நிறைய வேப்பிலையோடு வந்து சேர்ந்தார். மைசூரில் கிடைக்காததா என்று கேட்டேன். நம்ம மரத்து இலைதான் சாந்தமா இருக்கும் என்றார். ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. பொருக்கு உதிரும்வரை யாரோடும் கலக்கக் கூடாது என்றார் டாக்டர். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல்படி தாண்டக் கூடாது என்றார் அம்மா. டாக்டரும் வீட்டுப் பெரியவர்களும் ஒரே பேச்சு பேசுவது அபூர்வம். அந்தப் பெண்ணின் நேரம், அது அன்றைக்கு நடந்தது.

ஸ்டாஃப் ரூமில் யார் யாருக்கு ஏற்கெனவே அம்மை வந்திருக்கிறது என்று விசாரணை நடந்தது. மியூசிக் மிஸ்ஸுக்கு வந்ததில்லை, அவர் அந்த அறைக்குள் போக முடியாது. ஆறடி உயரமும் அதற்கேற்ற மீசையும் உள்ள எங்கள் பி.டி. சாருக்கும் வந்ததில்லை. அவர் அந்த அறை இருக்கும் திசையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். எனக்குப் பள்ளி நாளிலேயே வந்து போனது, புருவத்துக்கு மேல் ஒரு குழி இன்னும் இருக்கிறது. ஆக, போய்வர நான்தான் மிச்சம்.

போய்ப் பார்த்தபோது அவள் வெள்ளைத் துணியில் வேப்பிலை பரப்பிப் படுத்திருந்தாள். அறையெங்கும் கசப்பு வாசனை. அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு வேப்பங்கொத்தால் மெல்ல வருடிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். காய்ச்சல் குறைந்திருக்கும் ஒரு வேளையில் இங்கேயே பாடச் சொல்லி ரெக்கார்ட் செய்துகொள்ளலாம், விழா அன்று அதைப் போட்டால் குழு கூடவே பாடிவிடும், சுலபம். எனக்கே என் யோசனை மிகவும் பிடித்திருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாமுங்க மிஸ். ரெக்கார்டு போட்டா நான் அன்னைக்கு இல்லைன்னுதானுங்க அர்த்தம். அவங்க பாடறப்ப நானும் பாடோணும்."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆப்சென்ட் போட்டே பழக்கப்பட்ட பெண் தன்னை இருக்கிறேன் என்று எழுதச் சொல்கிறாள் என்று தோன்றியது. சரி, பாடலாம் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வேலை தொடங்கியது. வயர் இல்லாமல் செய்துவிடலாமே என்றார்கள். ஹால் நிறையப் பெற்றோர்கள், ஆளுக்கொரு போன், நடுவில் மைதானத்து மரங்கள். அந்தக் காற்றை நான் நம்பவில்லை. காம்பவுண்ட் சுவர் ஓரமாகக் குழாய்க்குள் கேபிள் இழுத்தேன். அவ்வளவு தூரத்துக்கு ஒரே கேபிள் தாங்காது, நடுவில் ஒரு பெட்டி வைத்துத் தூக்கிவிட வேண்டும். பாதி வழியில் கரண்ட் இருந்த ஒரே இடம் பி.டி. சாரின் விளையாட்டுச் சாமான் அறை. அங்கே பந்துகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தேன். முதல் நாளே இணைப்பு போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டியின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு பி.டி. சார் தன் போனை சார்ஜுக்குப் போட்டிருக்கிறார். நான் பேசிய பேச்சில் அவர் மீசையே கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்தப் பெட்டி யாருக்காக என்று அவருக்கு அதுவரை தெரியாது. சொன்னதும் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒத்திகை அன்று நான் செய்தது எல்லோரும் செய்யக்கூடியதுதான். சேர்ந்து பாட வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் உடனுக்குடன் கேட்க வேண்டும் அல்லவா? அதனால் என் அருமையான அரை நிமிடத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் குறைத்தேன். அவள் குரல் ஹாலுக்கு, ஹாலின் பாட்டு அவள் காதுக்கு. அப்படியும் கண் சிமிட்டும் நேரம் இடையில் நின்றது. அது போதும் என்று நினைத்தேன், போதவில்லை. அவள் எடுத்துக்கொடுத்துவிட்டுக் குழுவுக்காக ஒரு நொடி காத்தாள். குழு அவளுக்காகக் காத்தது. அவர்கள் பிந்துகிறார்களே என்று அவள் மெதுவாக்கினாள். அவள் மெதுவாகிவிட்டாளே என்று இவர்கள் இன்னும் மெதுவாக்கினார்கள். ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை. மழைப் பாட்டு இழுத்து இழுத்து, கடைசியில் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்துக்கொண்டு, பாட்டு நின்றேவிட்டது. போதாக்குறைக்குக் கையிருப்பு இல்லாததால் அவள் குரல் நடுநடுவே வெட்டுப்பட்டது. மியூசிக் மிஸ் கீபோர்டில் கையை வைத்தபடி, துக்க வீட்டுக்குப் பாடப்போகிறோமா என்று கன்னடத்தில் கேட்டார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்டது கேபிள் வழியாக மைதானத்தைத் தாண்டி அந்த அறைக்கும் போய்விட்டது.

நான் அங்கே போனபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அவங்களே பாடட்டுமுங்க மிஸ்."

அவ்வளவுதான். அவள் அம்மா வேப்பங்கொத்தை எடுத்து மறுபடி வருடத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததால் கோபம் வந்தது. அன்று விஜயநகரில் என் வீடு போய்ச்சேரும்வரை ஸ்கூட்டரில் கேபிளையும், அந்தப் பெட்டியையும், நெட் இல்லை என்று சொல்பவர்களையும், என்னையும் ஒரு சுற்று திட்டி முடித்தேன்.

மறுநாள் ஏழாம் வகுப்பு நாடகத்தின் ஒத்திகை. அதை வகுப்புகளுக்கு அனுப்பிப் பார்ப்பதற்காக அரை நிமிடத்தை மறுபடி பழையபடி வைத்தேன். எல்லா அறையிலும் சரியாக வருகிறதா என்று பார்க்க வராந்தாவில் நடந்தேன். சாயங்கால வெயில் தரையில் கம்பி கம்பியாக விழுந்திருந்தது. நாடகத்தில் ராஜாவின் கிரீடம் கழன்று விழுந்ததற்கு ஹால் எப்போதோ சிரித்து ஓய்ந்திருந்தது. இங்கே எட்டாம் வகுப்பு அப்போதுதான் சிரித்தது. பிறகு அடுத்த அறை. நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பிள்ளைகள் மேடைக்காரர்களோடு சேர்ந்துதானே சிரிக்கிறார்கள், ஒருவருக்கும் குறை இல்லையே. பிந்தியிருப்பது தெரியாதவர்களுக்குப் பிந்துவதே இல்லை. குழப்பம் வந்ததெல்லாம் இரண்டு பக்கமும் கேட்டதால்தான். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் போதும். அவள் பாடட்டும், அரை நிமிடம் கழித்து அது ஹாலுக்குப் போய்ச்சேரட்டும், குழுவும் கீபோர்டும் அந்தக் குரலைப் பிடித்துக்கொள்ளட்டும். ஹாலுக்கு அதுதான் இப்போது. வெட்டும் விழாது, நடுவில் என்ன ஆனாலும் கையிருப்பு தாங்கும்.

மியூசிக் மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்படியென்றால் அவள் தன்னந்தனியாகப் பாட வேண்டும், இல்லையா என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு அடியையும் எடுத்துக்கொடுத்துவிட்டு, குழு பாடுகிற இடத்தில் அந்த வரிகளையும் அவளே பாடிக்கொண்டு, தாளத்தை மனதுக்குள் போட்டுக்கொண்டு, யாருடைய குரலும் கேட்காமல் முடிக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

"அவங்க பாடறது எனக்குக் கேக்கவே கேக்காதுங்களா மிஸ்?"

"கேக்காது கண்ணு."

அவள் விரலால் ஒரு வேப்பிலையை மடித்து மடித்து விரித்தாள்.

"அவங்களுக்கு நான் நல்லாக் கேக்குமில்லைங்க?"

"துளிகூட வெட்டாமக் கேக்கும். அது என் பொறுப்பு."

சரி என்றாள். ஒரு நிபந்தனை வைத்தாள். முகம் தெரியக் கூடாது. முகமெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது, பாவம். அதனால் கேமராவை அவளுக்குப் பக்கவாட்டில் திருப்பி, கூரையிலிருந்து அவள் முகத்துக்கு நேரே ஒரு வேப்பங்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது மட்டும் தெரியும்படி வைத்தேன்.

விழா அன்று மதியமே அங்கே போய்விட்டேன். ஹாலின் ஸ்பீக்கர் சத்தம் மைதானம் தாண்டி வரும். பாடிக்கொண்டிருக்கும்போது தன் குரலே பிந்தி வந்து காதில் விழுந்தால் அவள் தடுமாறிவிடுவாள். ஹாஸ்டல் கம்பளிகளை வாங்கி ஜன்னலையும் கதவையும் இரண்டு மடிப்பாக மூடினேன். அவள் அம்மா ஸ்டூலில் ஏறிக் கம்பளியின் ஓரங்களைச் சந்து தெரியாமல் செருகினார். ஃபேனை அணைத்தோம். அறை இருண்டு, வேப்பிலை வாசனையோடு, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிட்டது. என் லேப்டாப் வெளிச்சம் மட்டும் இருந்தது.

எனக்கு ஒரு குறை இருந்தது. அந்த அம்மா அத்தனை தூரம் வந்திருக்கிறார். ஹாலுக்குப் போனால் மகளின் குரலை அத்தனை பேரோடு உட்கார்ந்து, குழுவோடு சேர்த்துக் கேட்கலாம். இங்கே இருந்தால் தனிக்குரல்தான். நீங்கள் போங்கள், நான் இவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"புள்ள மேல ஆத்தா வந்திருக்கறப்ப பாத்துக்கறவங்க விசேசத்துக்குப் போவக்கூடாதுங்க டீச்சர். நான் இங்கியே இருக்கறனுங்க."

அவர் மகளின் காலடியில் முந்தானையை வாயருகே பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். இருமல் வந்துவிடுமோ என்ற பயம்.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஒரு மிஸ்டு கால்தான் அடையாளம். மியூசிக் மிஸ் கொடுத்தார். என் கைக்குள் போன் அதிர்ந்தது. நான் தலையசைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியை எடுத்தாள்.

அந்த அறையில் அந்தக் குரலை என்னவென்று சொல்வது? காய்ச்சல் அதை இன்னும் மெல்லியதாக்கியிருந்தது. ஆனால் எங்கும் நடுங்கவில்லை. அவள் பாடப் பாட, முகத்துக்கு முன்னால் தொங்கிய கொத்தின் நுனி இலைகள் மூச்சுக்கு மூச்சு அசைந்தன. காற்றே இல்லாத அந்த அறையில் அசைந்தது அவை மட்டும்தான். ஹாலின் பெரிய திரையில் ஊர் முழுவதும் பார்க்கப்போவது அதைத்தான். இன்னும் பார்க்கவில்லை. அந்த மிஸ்டு காலுக்கும் முதல் குரலுக்கும் இடையில் ஹாலில் அந்த அரை நிமிடம் எப்படி இருந்தது என்று மியூசிக் மிஸ் பின்னால் சொன்னார். விளக்கைக் குறைத்துவிட்டு, குழுவை நிற்க வைத்துவிட்டு, அவர் சும்மா நின்றாராம். எந்த விழாவிலும் வாயை மூடாத எங்கள் பெற்றோர்கள், என்னவோ நடக்கப்போகிறது என்று தாமாகவே அடங்கிவிட்டார்களாம்.

மூன்றாவது அடியில் என் உயிர் போய் வந்தது. லேப்டாப்பில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று தரையில் படுத்தது. நடுவில் எங்கோ அறுந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறாள். எழுந்து ஓட முடியாது, கதவைத் திறந்தால் ஸ்பீக்கர் சத்தம் உள்ளே வந்துவிடும். கத்தவும் முடியாது. ஹாலில் இப்போது கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும். நான் நம்பிக்கையில்லாதவள், ஆனாலும் எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டேன். சில நொடிகள்தான். கோடு எழுந்து நின்றது, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து அள்ளிக்கொண்டு மேலே பாய்ந்தது, பிறகு பழையபடி ஓடியது. ஹாலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாமான் அறையில் பெட்டியின் ப்ளக் தொளதொளவென்று நழுவியிருக்கிறது. விழாவுக்கே போகாமல் அதன் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்த பி.டி. சார் அதை அழுத்திச் செருகி, மறுபடி நழுவிவிடுமோ என்று பாட்டு முடியும்வரை கையை எடுக்காமல் சுவரோடு சுவராகப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். அந்த மீசையை நான் இனி எப்படித் திட்டுவேன்?

கடைசி அடி இரண்டு முறை வரும். இரண்டாவது முறை அவள் அதை மெல்லத் தேய்த்துக்கொண்டே போய் முடித்தாள். முடித்ததும் அறையில் ஒன்றுமே இல்லை. கைதட்டல் இல்லை, கீபோர்டு இல்லை, ஃபேன்கூட இல்லை. அவள் கண்ணைத் திறந்து என்னையும் அம்மாவையும் பார்த்தாள். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"அவ்வளவுதானுங்களா மிஸ்?"

என் கை தானாகப் போய் மைக்கை அணைத்தது. எழுந்து போய் ஜன்னலின் கம்பளியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, கதவுகளைத் தள்ளித் திறந்தேன்.

மாலை வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதோடு பாட்டும் வந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம், முதல் மாடியின் திறந்த ஜன்னல்களிலிருந்து, கடைசி அடியின் முதல் முறை. அவள் குரல்தான். முன்னால் அது போகிறது, பின்னாலேயே முப்பது நாற்பது குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு எழுகின்றன, கீபோர்டு அவற்றுக்கு அடியில் ஓடுகிறது. ஓர் இடத்திலும் பிந்தவில்லை, முந்தவில்லை.

"நான்தான் முடிச்சிட்டேனுங்களே..." என்றாள்.

"அங்க இன்னும் முடிக்கல. கேளு" என்றேன்.

அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். வேப்பிலைகள் துணியிலிருந்து தரையில் உதிர்ந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தடுக்கவில்லை, வாசல்படி தாண்டவில்லையே. கடைசி அடி இரண்டாம் முறையாகத் தொடங்கியது. அரை நிமிடத்துக்கு முன்னால் இருந்த அவள் அங்கே எடுத்துக்கொடுத்தாள். அவள் தோழிகள் பிடித்துக்கொண்டார்கள். அப்போது ஜன்னலில் நின்றவள் வாயைத் திறந்து, எப்போதும் நிற்கும் கடைசி வரிசையில் நிற்பவளைப்போல, அவர்களோடு சேர்ந்து பாடினாள்.

மைக்கை நான் அணைத்துவிட்டிருந்தேன். அது எந்தத் திரைக்கும் போகவில்லை. கைதட்டல் மைதானத்தைத் தாண்டி வந்தபோது அவள் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்ப புள்ள எல்லாரோடவும் சேந்துக்கிச்சுங்க" என்றார்.